டீசல் வண்டியில் என்ஜின் விளக்கு எரிந்தால்: அறிகுறி வாரியாகக் கோளாறு பிடிக்கும் முறை

காமன் ரெயில் டீசல் என்ஜின் (ரெயில் என்ற ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து, சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை) உள்ள பிக்கப், வேன், லாரி வைத்திருப்பவர்களுக்கும், அவற்றில் வேலை பழகும் மெக்கானிக்குகளுக்கும் இதை எழுதுகிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பிஎஸ்-6 மாசு விதிப்படி வந்த வண்டிகளுக்கு இது முழுவதும் பொருந்தும். அதற்கு முந்தைய பிஎஸ்-4 வண்டிக்காரர்கள் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்), யூரியா (புகையிலுள்ள நாக்ஸ் வாயுவைக் குறைக்கத் தெளிக்கும் திரவம்) பகுதிகளில் தங்கள் வண்டியில் இல்லாததைத் தாண்டிச் செல்லலாம்.

பட்டறையில் அலுத்துப்போகும் அளவுக்குப் பார்ப்பது ஒன்றுதான். ஸ்கேனரில் ஒரு சென்சாரின் பெயர் வருகிறது, அந்தச் சென்சாரை மாற்றுகிறார்கள், விளக்கு அணையவில்லை. அடுத்து இன்னொரு சென்சார், பிறகு இன்ஜெக்டர், கடைசியில் இசியு, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். இவ்வளவுக்கும் காரணம் ஒரு கிழிந்த ரப்பர் ஹோஸாக இருக்கும். ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்ணான கோடு (code) என்பது சாட்சி சொல்லும் வாக்குமூலம். குற்றவாளியை நாம்தான் தேட வேண்டும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவாகாத சோதனையை முதலிலும், விலை உயர்ந்த பாகத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

## கை வைக்கும் முன்

பழைய இன்லைன் பம்ப் என்ஜினில், ஓடும்போதே பைப் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்போம். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. ஐடிலிங்கிலேயே ரெயிலில் 250 முதல் 350 பார் வரை அழுத்தம் இருக்கும். லோடில் 1,600 பாரைத் தாண்டும் என்ஜின்கள் நிறைய. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இராது. ஆனால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். வீங்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள், கையை அல்ல. என்ஜினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்தே பைப்பைக் கழற்றுங்கள்.

ஓடும் என்ஜினில் இன்ஜெக்டரின் கப்ளரை (ஒயர் இணைப்பை) பிடுங்கவும் கூடாது. அதில் வருவது பேட்டரியின் 12 வோல்ட் இல்லை. இசியு அதைப் பல மடங்கு உயர்த்தி அனுப்புகிறது.

கருவிகளில் மல்டிமீட்டர், லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர், ஒரு முழம் தெளிவான பிளாஸ்டிக் ஹோஸ், ஒரே அளவுள்ள சிறு பாட்டில்கள், டார்ச் ஆகியவை போதும். கைபேசியோடு இணையும் மலிவான ஸ்கேனர் சிறிய வண்டிகளில் கோடு படிக்க உதவும். ரீஜெனரேஷன் (டிபிஎஃப்-இல் சேர்ந்த கரியை எரிப்பது) செய்ய, இன்ஜெக்டர் எண் பதிய, யூரியா பம்பைச் சோதிக்க அது பெரும்பாலும் உதவாது.

கோடுகளை அழிக்கும் முன் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்த நொடியின் வேகம், ஆர்பிஎம், வெப்பநிலை ஆகியவற்றை ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பக்கம் வைத்திருக்கும். கோளாறு ஏற்றத்தில் வந்ததா, நின்றபோது வந்ததா என்று அது சொல்லிவிடும். விளக்கை அணைத்துக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர்கள் இந்தத் தகவலையும் சேர்த்து அழித்துவிட்டு வருகிறார்கள்.

## எல்லா அறிகுறிக்கும் பொதுவானது: காலையில் சாவி போட்டு ஒரு பார்வை

இரவு முழுவதும் நின்ற வண்டியில், என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு லைவ் டேட்டாவைப் பாருங்கள். கெட்ட சென்சாரைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

தண்ணீர், உள்ளே வரும் காற்று, டீசல், சைலன்சர் என எல்லா வெப்பநிலை சென்சார்களும் அன்றைய காலை வெப்பத்தை ஒட்டியே காட்ட வேண்டும். எல்லாம் 28 டிகிரி காட்டும்போது ஒன்று மட்டும் 60 காட்டினால், அது பொய் சொல்கிறது. டர்போ அழுத்த சென்சாரும் வெளிக்காற்று அழுத்த சென்சாரும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். கடற்கரை ஊர்களில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். ஊட்டியில் 80-க்குச் சற்றுக் கீழே இருக்கும். இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால் டர்போவைத் திட்டுவதற்கு முன் சென்சாரைப் பாருங்கள். ரெயில் அழுத்தமும் டிபிஎஃப் அழுத்த வேறுபாடும் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். என்ஜின் ஓடாதபோதே ரெயிலில் 60 பார் காட்டினால், ஓடும்போது காட்டும் எண்ணையும் நம்ப முடியாது.

எக்ஸலேட்டர் பெடலையும் இப்போதே மெதுவாக மிதித்துப் பாருங்கள். அதில் இரண்டு சிக்னல்கள் உண்டு. பல வண்டிகளில் ஒன்று மற்றதைப் போல இரு மடங்காக ஏறும். நடுவில் எங்காவது துள்ளினால் இழுவைக் கோளாறின் காரணம் காலடியிலேயே கிடைத்துவிட்டது.

## அறிகுறி 1: செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

மந்தமாகச் சுற்றினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் இருக்க வேண்டும்; சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. 24 வோல்ட் லாரிக்கு இரண்டையும் இரட்டித்துக்கொள்ளுங்கள். செல்ஃப் சுற்றுவதற்குப் போதுமான கரன்ட் இசியு விழித்திருக்கப் போதாமல் போவது உண்டு.

நன்றாகச் சுற்றுகிறது என்றால், சுற்றிக்கொண்டே ஸ்கேனரில் ஆர்பிஎம்மையும் ரெயில் அழுத்தத்தையும் பாருங்கள். இங்கிருந்து வழி மூன்றாகப் பிரியும்.

### ஆர்பிஎம் பூஜ்யம் காட்டுகிறது

கிராங்க் சென்சார் பக்கம்தான் கோளாறு; பி0335 என்ற கோடும் இருக்கலாம். சென்சாரைக் கழற்றி முனையைத் துடையுங்கள். காந்தம் என்பதால் இரும்புத்தூள் மீசையாக ஒட்டியிருக்கும். கப்ளரில் எண்ணெய் இறங்கியிருக்கிறதா, ஒயர் பெல்ட்டிலோ சைலன்சரிலோ உரசியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஒயர் சென்சாரில் ஓம் அளக்கலாம். மூன்று ஒயர் உள்ளதில் ஓம் அளப்பது அர்த்தமில்லாதது. அதற்கு 5 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

### ஆர்பிஎம் வருகிறது, ரெயில் அழுத்தம் ஏறவில்லை

மாடலுக்கு ஏற்ப ஏறத்தாழ 150 முதல் 250 பார் வரை எட்டாவிட்டால் இன்ஜெக்டரைத் திறக்க இசியு உத்தரவிடாது. பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் இந்த வரிசையில் போங்கள்.

டேங்கில் டீசல் இருக்கிறதா? மீட்டரை நம்பாமல் குச்சி விட்டுப் பாருங்கள். ஃபில்டரின் அடியில் உள்ள தண்ணீர்த் திருகைத் திறந்து வடியுங்கள். ஃபில்டர் மாற்றிய மறுநாளே கோளாறு வந்திருந்தால் ஓ-ரிங் சரியாக உட்காராமல் காற்று இழுக்கிறது என்று கொள்ளுங்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே தெளிவான ஹோஸைப் போட்டுச் சுற்றினால் குமிழிகள் கண்ணுக்கே தெரியும்.

டீசல் குமிழி இல்லாமல் வருகிறது, அழுத்தம் மட்டும் ஏறவில்லை என்றால் அடுத்தது ரிட்டர்ன் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பைப்பையும் தனித்தனி பாட்டிலில் விட்டுச் சில நொடிகள் செல்ஃப் சுற்றுங்கள். மற்றவை நனையாமல் இருக்க ஒரு பாட்டில் மட்டும் நிரம்பினால், அந்த இன்ஜெக்டர் அழுத்தத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. எல்லாம் ஒரேபோல் குறைவாக இருந்தால் பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வையும் ரெயிலின் அழுத்த வால்வையும் சந்தேகியுங்கள்.

இங்கே நிறுத்துங்கள்: மீட்டரிங் வால்வைக் கழற்றும்போது உள்ளே பளபளவென்று உலோகத்தூள் தெரிந்தால் மேற்கொண்டு தொடாதீர்கள். பம்ப் உள்ளே தேய்ந்து அந்தத் தூளை ரெயில், இன்ஜெக்டர் வரை அனுப்பியிருக்கும். பம்பை மட்டும் மாற்றி ஓட்டினால் புதுப் பம்பும் இன்ஜெக்டர்களும் சேர்ந்து போகும். டெஸ்ட் பெஞ்ச் (பம்ப், இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதிக்கும் இயந்திரம்) உள்ள டீசல் பட்டறைக்குத்தான் போக வேண்டும். செலவு பெரியது, குறுக்கு வழி இல்லை.

### இரண்டும் சரியாக இருக்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை

டாஷ்போர்டில் சாவிப் படம் மின்னுகிறதா? இமொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு தடுக்கிறது, மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். பி0340 இருந்தால் கேம் சென்சார். மலைப் பகுதியில் காலையில் மட்டும் வரும் தொல்லை என்றால் ஹீட்டர் பிளக். இவை எதுவும் இல்லை என்றால் கம்ப்ரஷன் அளக்க வேண்டும். அது பட்டறை வேலை.

## அறிகுறி 2: ஓடும்போது அணைகிறது, ஆறியதும் எழுகிறது

சூட்டில் செயலிழந்து ஆறியதும் உயிர்பெறும் கிராங்க் சென்சார்தான் இதில் முதல் சந்தேகம். அணையும் நொடியில் ஸ்கேனரில் ஆர்பிஎம் சட்டென்று பூஜ்யமாக விழுந்தால் சென்சார். ரெயில் அழுத்தம் முதலில் சரிந்து ஆர்பிஎம் பின்னால் இறங்கினால் டீசல் வரத்து. வரத்துக் குறைவுக்கு மிக எளிய காரணம் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருப்பது. மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் அதுதான். மூடியைக் கழுவினால் வேலை முடிந்தது. அடுத்து டேங்குக்குள் இருக்கும் வலை. மெயின் ரிலேயின் கால்கள் கருகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

## அறிகுறி 3: இழுவை இல்லை

முதலில் புகையைப் பாருங்கள். கரும்புகை இருக்கிறதா, இல்லையா என்பதைப் பொறுத்து வழி முற்றிலும் வேறாகிறது. ஒரு எச்சரிக்கை: டிபிஎஃப் நல்ல நிலையில் உள்ள வண்டியில் கரும்புகை வெளியே தெரியாது, அது ஃபில்டருக்குள் தங்கிவிடும். அடிக்கடி ரீஜெனரேஷன் கேட்கும் பிஎஸ்-6 வண்டி கரும்புகை விடுவதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

### கரும்புகையோடு இழுவை இல்லை

டீசல் வருகிறது, காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். செங்கல் சூளை, கல்குவாரி ஓட்டம் உள்ள வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்குப் பொருந்தாது.

அடுத்து டர்போவில் இருந்து இன்டர்கூலர் வழியாக என்ஜினுக்குப் போகும் ஹோஸ்கள். பி0299 கோட்டுக்கு நான் முதலில் தேடுவது இவற்றைத்தான். கிழிசல் இருக்கும் இடத்தில் எண்ணெய் ஈரமும் தூசியும் சேர்ந்து கறுத்த வட்டமாகத் தெரியும். கிளிப்பின் அடியில் மறைந்திருக்கும் கிழிசல் ஐடிலிங்கில் மூடிக்கொள்ளும், லோடில் மட்டும் திறக்கும். அதனால் ஹோஸைக் கையால் வளைத்துப் பாருங்கள். சோப்பு நீர் தடவி ஒருவரை ரேஸ் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஹோஸ் நன்றாக இருந்தால் இஜிஆர், அதாவது புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் விடும் அமைப்பு. பி0402 வந்தால் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டு, புகையைத் தேவைக்கு மேல் உள்ளே விடுகிறது. பி0401 வந்தால் வழி கரியால் அடைத்திருக்கிறது. இதில் இழுவை பெரிதாகக் குறையாது, புகையில் நாக்ஸ்தான் (நைட்ரஜன் ஆக்சைடு) கூடும். வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டிக் கழுவலாம். மோட்டார் பகுதியில் திரவம் படக் கூடாது. மாட்டிய பின் சில வண்டிகளில் வால்வின் மூடிய நிலையை ஸ்கேனர் வழியாக இசியுவுக்குப் பழக்க வேண்டும். அதைச் செய்யாமல், 'கழுவியும் சரியாகவில்லை' என்று புது வால்வு வாங்கியவர்கள் உண்டு.

காற்றோட்ட சென்சாரில் எண்ணெய்ப் படலம் இருந்தால் அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள். கார்புரேட்டர் கிளீனரும் துணியும் அதைக் கொன்றுவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் டர்போ. தண்டை மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். இலேசான ஆட்டம் இயல்பு; இறக்கை உறையில் உரசினால் டர்போ முடிந்தது. அதன் ஆக்சுவேட்டர் தண்டு கரியில் இறுகியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் பேசுங்கள்.

### புகை இல்லாமல் இழுவை இல்லை

இங்கே இசியு தானாகவே டீசலைக் குறைக்கிறது, அதாவது லிம்ப் மோடு. ஏன் குறைக்கிறது என்பதைக் கோடு சொல்லும். ஏற்றத்தில் மட்டும் பி0087 வந்தால் டீசல் ஃபில்டர். அது மாற்றியும் வந்தால் அறிகுறி 1-இல் சொன்ன ரிட்டர்ன் சோதனை. என்ஜின் சூடு, யூரியா, டிபிஎஃப் ஆகியவற்றில் எது எல்லை தாண்டினாலும் இதே நிலைதான் வரும். சாவியை அணைத்துப் போட்டதும் இழுவை திரும்பி, அடுத்த ஏற்றத்தில் மறுபடி போனால் கோளாறு அப்படியே இருக்கிறது என்று பொருள். சாவியை அணைத்து அணைத்து ஊர் வந்து சேர்வது ஒரு நாளைக்குப் போதும், வழக்கமாக்க வேண்டாம்.

## அறிகுறி 4: வெள்ளை அல்லது நீலப் புகை

நீலப் புகை எண்ணெய் எரிவது. டர்போ சீலும் பிஸ்டன் ரிங்கும் காரணம், எலக்ட்ரானிக்ஸுக்குத் தொடர்பு குறைவு.

வெள்ளைப் புகையில் டீசல் வாசனை கண்ணைக் கரித்தால் எரியாத டீசல். இன்ஜெக்டர் சொட்டுகிறது அல்லது ஹீட்டர் பிளக் வேலை செய்யவில்லை. வாசனை இல்லாமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் எல்லோரும் ஹெட் கேஸ்கெட் என்பார்கள். ஹெட்டை இறக்குவதற்கு முன் இஜிஆர் கூலரைக் கழற்றிப் பாருங்கள். அதற்குள் விரிசல் விட்டாலும் தண்ணீர் இதே வழியில்தான் போகும். கூலரின் புகைப் பக்கத்தில் கரி உலர்ந்திருக்க வேண்டும். சேறாக ஈரமாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

## அறிகுறி 5: டிபிஎஃப் விளக்கு எரிகிறது

புகைக்கரியைப் பிடித்து வைத்து, ஏறத்தாழ 600 டிகிரியில் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் ஃபில்டர் இது. சந்துக்குள் ஓடும் பால் வண்டியிலும், ஏசிக்காக மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நிற்கும் வேனிலும் அந்தச் சூடு வராது.

விளக்கு மட்டும் எரிகிறது, இழுவை குறையவில்லை என்றால் செலவில்லாத மருந்து இருக்கிறது. டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் வைத்துக்கொண்டு, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில், ஒரு கியர் குறைத்து 20 நிமிடம் ஓட்டுங்கள். ரீஜெனரேஷன் நடக்கும்போது ரேடியேட்டர் ஃபேன் உரக்க ஓடும், ஐடிலிங் சற்று ஏறியிருக்கும், சுட்ட வாசனை வரும். வீடு வந்துவிட்டது என்று நடுவில் அணைக்காதீர்கள். இப்படி நடுவில் அணைத்து அணைத்தே பல ஃபில்டர்கள் அடைத்திருக்கின்றன.

அதன் பிறகும் விளக்கு எரிந்தால் முதலில் ஆயில் கேஜைப் பாருங்கள். எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். கேஜில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் *ஏறியிருந்தால்* அது நல்ல செய்தி இல்லை. டீசல் கலந்த ஆயில் பேரிங்கைக் காக்காது. அளவு மிகுந்தால் என்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்து அணைக்க முடியாமல் ஓடவும் கூடும். ஆயிலை மாற்றிய பிறகுதான் ரீஜெனரேஷன். ஆயிலும் டிபிஎஃப்-க்கு உரிய குறைந்த சாம்பல் வகையாக இருக்க வேண்டும். மலிவான பழைய வகை ஆயிலின் சாம்பல் ஃபில்டரில் தங்கும். கரியைப்போல் எரிந்து போகாது.

அடுத்தது அழுத்த வேறுபாட்டு சென்சாருக்குப் போகும் இரண்டு மெல்லிய ஹோஸ்கள். உருகியோ கழன்றோ, தண்ணீர் தேங்கியோ இருந்தால் சுத்தமான ஃபில்டரையும் அடைத்ததாகக் காட்டும். பி2452, பி2453 வந்தால் இதைத் தவிர வேறெதையும் முதலில் தொடாதீர்கள்.

ஹோஸ் நன்றாக இருந்து பி2463 வந்தால் கரி உண்மையிலேயே சேர்ந்திருக்கிறது. ஸ்கேனரால் நிறுத்தி வைத்து எரிக்கலாம். திறந்த இடத்தில், காய்ந்த புல், வைக்கோல், டீசல் சிந்திய மண் எதுவும் கீழே இல்லாத இடத்தில் செய்யுங்கள். முக்கியமான கேள்வி அதற்குப் பிறகுதான்: ஏன் அடைத்தது? சில நூறு கிலோமீட்டரில் மறுபடி விளக்கு வந்தால் இன்ஜெக்டர், கிழிந்த டர்போ ஹோஸ், இஜிஆர், தெர்மோஸ்டாட் ஆகியவற்றில் ஒன்று கரியை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புது ஃபில்டர் போட்டால் அதுவும் அடைக்கும்.

பட்டறைக்கு விடவேண்டிய இடம்: கரி அளவு எல்லை தாண்டிவிட்டது என்று ஸ்கேனரே மறுத்தால் வேறு வழியில் கட்டாயப்படுத்தி எரிக்க வேண்டாம், உள்ளே சூடு மீறிப் பீங்கான் உருகிவிடும். பி242எஃப் என்றால் சாம்பல். ஃபில்டரைக் கழற்றி அதற்குரிய இயந்திரத்தில்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஆசிட் ஊற்றிப் பிரஷர் தண்ணீரில் கழுவித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ஃபில்டரைக் குடைந்து எடுத்துவிட்டு இசியுவில் புரோகிராமை மாற்றித் தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி மாசு விதி மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்குப் போகும். சட்டத்தை விடுங்கள்: கரி எதனால் வந்ததோ அந்தக் கோளாறு அப்படியே இருக்கும், காட்டிக்கொடுக்கும் விளக்கு மட்டும் போய்விடும். அடுத்த தகவல் பிஸ்டன் ஓட்டையாகத்தான் வரும்.

## அறிகுறி 6: யூரியா விளக்கு, பிறகு வேகம் குறைகிறது

ஓட்டுநர்கள் யூரியா என்று சொல்வது டிஇஎஃப் திரவம்: 32.5 சதவீத யூரியாவும் மீதி கனிமம் நீக்கிய தண்ணீரும். உரக்கடை யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் சில வாரங்களில் பம்ப், யூரியாவைப் புகையில் தெளிக்கும் டோசிங் இன்ஜெக்டர், நாக்ஸைக் குறைக்கும் கேட்டலிஸ்ட் மூன்றும் கேட்டைக் காணும். கேனில் ஐஎஸ்ஓ 22241 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கியதை வண்டியின் மேலே வெயிலில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். 30 டிகிரியில் ஓராண்டு நிற்கும் திரவம், 35 டிகிரியில் ஆறு மாதம்தான் நிற்கும். நம் ஊர் சித்திரை வெயிலைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சோதனை வரிசை:

1. டேங்கில் இருக்கிறதா? லாரியில் 100 லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 3 முதல் 6 லிட்டர் யூரியா குறைய வேண்டும். ஒரு மாதமாகக் குறையவே இல்லை என்றால் மகிழ வேண்டாம், அது தெளிக்கப்படவில்லை.

2. தரம். பி207எஃப் வந்தால் ரிஃப்ராக்டோமீட்டரில் (கரைசலின் செறிவை அளக்கும் கருவி) ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், 32.5-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். குறைந்தால் முழுவதும் வடித்து, டேங்கைக் கழுவிப் புதிது ஊற்றுங்கள்.

3. வெள்ளைக் கட்டி. டோசிங் இன்ஜெக்டரைச் சுற்றி உப்புப்போல் படிந்திருக்கும். வெந்நீர் போதும், கரைந்துவிடும், ஊசியால் குத்தாதீர்கள். வெந்நீருக்கும் கரையாத கெட்டிப் படிவம் என்றால் பைப்பைக் கழற்ற வேண்டும்.

4. சைலன்சர் கசிவு. பி20இஇ என்றால் நாக்ஸ் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்று பொருள். நாக்ஸ் சென்சாருக்கு முன்னால் கேஸ்கெட் ஊதினாலும் இந்தக் கோடு வரும். மூட்டுகளில் கறுப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

5. நாக்ஸ் சென்சார். மேற்கண்ட நான்கும் சரியாக இருந்தால் மட்டும். கப்ளரில் பேட்டரி வோல்டேஜும் எர்த்தும் வருகின்றனவா என்று பார்த்த பிறகே வாங்குங்கள். முன்னும் பின்னுமாக இரண்டு இருப்பதால் எதை மாற்றச் சொல்கிறது என்பதையும் கவனியுங்கள்.

லாரிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சாவியை அணைத்ததும் யூரியா பம்ப் ஓரிரு நிமிடம் ஓடி, பைப்பில் இருப்பதை டேங்குக்குத் திரும்ப இழுக்கும். இறங்கும்போதே பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்பிவிட்டால் திரவம் பைப்பிலேயே காய்ந்து கட்டியாகிவிடும். நாமக்கல், சங்ககிரி பக்கம் வரும் லாரிகளில் டோசிங் அடைப்புக்கு இந்தப் பழக்கம் ஒரு பெரிய காரணம். பம்ப் சத்தம் நின்ற பிறகு சுவிட்சைத் தொடுங்கள்.

உடனே நிறுத்த வேண்டியது: யூரியா டேங்கில் டீசலோ, டீசல் டேங்கில் யூரியாவோ ஊற்றிவிட்டால் சாவியைக்கூடப் போடக் கூடாது. பம்ப் இழுக்கும் முன் டேங்கோடு முடிந்தால் செலவு வடிப்பதோடு நிற்கும்.

எல்லாம் சரிசெய்த பின்னும் வேகத்தடை உடனே நீங்காமல் போகலாம். சில வண்டிகளில் இசியு தானே சோதித்துத் திருப்தியாகும் வரை ஓட்ட வேண்டும். சிலவற்றில் கம்பெனி ஸ்கேனரால்தான் நீக்க முடியும்.

## அறிகுறி 7: விளக்கு இல்லை, மைலேஜ் மட்டும் குறைந்துவிட்டது

டயர் காற்றையும், பிரேக் பிடித்தபடி உரசுகிறதா என்பதையும் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள். சக்கரத்தைத் தொட்டுச் சூட்டைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

எலக்ட்ரானிக் பக்கம் முதலில் தண்ணீர் வெப்பநிலை. 20 நிமிடம் ஓடிய பிறகும் ஸ்கேனரில் 75 டிகிரியை எட்டவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது. என்ஜின் இன்னும் குளிரில் இருப்பதாக எண்ணி இசியு டீசலைக் கூட்டியே கொடுக்கும், ரீஜெனரேஷனையும் தொடங்காது. வெயிலுக்கு நல்லது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம் பழைய என்ஜின் காலத்தது. இந்த என்ஜின்களில் அது மைலேஜையும் டிபிஎஃப்-ஐயும் சேர்த்துத் தின்றுவிடும். சில நூறு ரூபாய் பாகத்தை மிச்சம்பிடித்துப் பெரும் செலவை இழுத்துக்கொள்வதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து இன்ஜெக்டர் திருத்த அளவுகள். ஐடிலிங்கில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இசியு எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று ஸ்கேனர் காட்டும். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வெகுதூரம் விலகி நின்றால் அதைப் பாருங்கள். முதலில் அதன் அடியிலுள்ள செம்பு வாஷர். அது ஊதினால் 'சிக் சிக்' என்று ஒலிக்கும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார்போல் கரி உறைந்திருக்கும். பிறகே டெஸ்ட் பெஞ்ச். புதிது போட்டால் அதன் தலையில் அச்சிட்டிருக்கும் எண்ணை இசியுவில் பதிய வேண்டும். பதியாவிட்டால் புது இன்ஜெக்டரும் பழையதன் கணக்கில்தான் டீசல் அடிக்கும்.

## அறிகுறி 8: சம்பந்தமே இல்லாத பல கோடுகள் ஒரே நேரத்தில்

பெடல், ரெயில் அழுத்தம், டர்போ அழுத்தம், இஜிஆர் எல்லாம் ஒரே நாளில் கெட்டுப்போக வாய்ப்பில்லை. பொதுவாக இருப்பது மின்சாரம்.

சார்ஜிங்கைப் பாருங்கள்: ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட், 24 வோல்ட் வண்டிக்கு இதன் இரட்டிப்பு. பிறகு எர்த்: மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் சுற்றுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றித் துருவைத் தேய்த்துப் போடுங்கள்.

இரண்டும் சரி என்றால் 5 வோல்ட் சப்ளை. இசியு ஒரே இணைப்பிலிருந்து பல சென்சார்களுக்கு 5 வோல்ட் தருகிறது. அதில் ஒன்று ஷார்ட் ஆனாலும் எல்லாம் சேர்ந்து விழும். ஒரு சென்சாரின் கப்ளரில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் துள்ளித் திரும்புகிறதோ அதுதான் கெட்டது. எலி கடித்த ஒயரையும், வாட்டர் சர்வீஸுக்குப் பின் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்த கப்ளர் கால்களையும் தேடுவதற்கு டார்ச்.

பாடி வெல்டிங் செய்த மறுநாள் இந்த அறிகுறி வந்தால் காரணத்தை ஊகிக்கலாம். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இரு முனைகளையும், முடிந்தால் இசியு கப்ளரையும் கழற்றுங்கள். வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே கொடுங்கள்.

### இசியுவையே மாற்றச் சொன்னால்

ஒரு சோதனை செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். கப்ளரைக் கழற்றி, இசியுவுக்கு வரும் பவர் காலுக்கும் எர்த் காலுக்கும் நடுவே வண்டியின் வோல்டேஜுக்கு உரிய 21 வாட் பல்பை மாட்டிச் சாவியைப் போடுங்கள். மெயின் ரிலே வழியாக வரும் பவராக இருந்தால் ரிலேயையும் இயக்க வேண்டியிருக்கும். அந்த வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்த்துச் செய்யுங்கள். மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும் அதே ஒயரில் பல்பு மங்கலாக எரிந்தால் கோளாறு ஒயரில், ரிலேயில் அல்லது எர்த்தில் இருக்கிறது.

பல்பு பளிச்சென்று எரிந்து, இசியுவோடு ஸ்கேனர் பேசவே மறுத்தால் அப்போது இசியு பழுது பார்ப்பவரிடம் போகலாம். வேறு வண்டியின் பழைய இசியுவை மாட்டினால் சாவி ஏற்காது, இன்ஜெக்டர் எண்களும் டிபிஎஃப் கணக்கும் பொருந்தாது. உங்கள் இசியுவின் தகவலை முழுவதுமாக நகலெடுத்து ஏற்ற வேண்டும். வேலை முடிந்ததும் பழைய இசியுவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நகலில் ஏதாவது விடுபட்டிருந்தால் அது மறுபடி தேவைப்படும்.